சாம்பிள் அக்கா

தேர்தல் எதுவும் நடக்காத மாதத்தில் விரல் நுனியில் கறுப்புக் கறையோடு ஒரு பெண் பேருந்தில் ஏறினால் கள்ள ஓட்டு என்று சந்தேகப்பட வேண்டாம். எம்.எஸ்ஸி. சுற்றுச்சூழல் அறிவியல், வேதிப் பகுப்பாய்வுப் பிரிவு. கிணற்று நீரில் குளோரைடு எவ்வளவு என்று பார்க்க சில்வர் நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டபோது கையில் பட்டது. வாக்குச்சாவடி மையிலும் இருப்பது அதே சில்வர் நைட்ரேட்தான் என்பதால் சுலபத்தில் போகாது. கையுறை போட்டிருக்கக் கூடாதா என்று கேட்டால், கையுறையிலிருந்து துத்தநாகம் இறங்கி அடுத்த சோதனையைக் கெடுத்துவிடும் என்று பதில் வரும். கேட்டவர் வாயடைத்துப் போவார். பதில் பாதி உண்மை; மீதி சோம்பேறித்தனம்.

ஜூனியர்கள் வைத்த பெயர் சாம்பிள் அக்கா. சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போனாலும் கைப்பையில் இரண்டு காலி பாட்டில்கள் இருக்கும். மண்டபத்துப் போர்வெல்லை அக்கா விட்டுவைப்பதில்லை.

இந்தப் படிப்பில் சேரும்போது அக்காவின் மனசில் இருந்தது காடு, புலி, கழுத்தில் தொங்கும் பைனாகுலர். வந்து பார்த்தால் பியூரெட். வீட்டாருக்கோ இன்றுவரை இது மரம் நடுகிற படிப்பு. ஜூன் 5 வந்தால் பெரியப்பா தவறாமல் போன் செய்வார்: “எங்க காலனியில செடி நடறோம், நீ வந்து ரெண்டு வார்த்தை பேசும்மா.” அக்கா போவார். கையில் வேப்பங்கன்றைக் கொடுத்து போட்டோ எடுப்பார்கள். இங்கே மண்ணின் பி.எச். எவ்வளவு என்று கேட்பார். அடுத்த வருஷம் வேறு யாரையாவது கூப்பிடலாமா என்று காலனிச் சங்கம் யோசிக்க ஆரம்பிக்கும்.

படிப்பில் பெரும்பகுதி பாத்திரம் கழுவுவதுதான் என்பதை எந்தக் கல்லூரியின் விளக்கக் கையேடும் சொல்வதில்லை. உலோகங்களை அளக்க வேண்டுமானால் கண்ணாடிக் குடுவைகளை நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் ராத்திரி முழுக்க ஊறவைத்து, மறுநாள் காய்ச்சி வடித்த நீரில் மூன்று முறை அலச வேண்டும். வீட்டில் சாப்பிட்ட தட்டை எடுத்து வைக்காத பெண், இங்கே ஒரு பிப்பெட்டுக்காகக் கண்ணீர் விடுவார். இத்தனைக்கும் பிறகு ‘பிளாங்க்’, அதாவது எதுவுமே கலக்காத சுத்த நீர், கொஞ்சம் ஈயம் இருப்பதாகக் காட்டும். அன்றைக்கு அக்காவிடம் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது.

அக்காவின் காலண்டரில் வியாழக்கிழமை கெட்ட நாள். காரணம் பி.ஓ.டி. தண்ணீரில் உள்ள கழிவைத் தின்று தீர்க்க நுண்ணுயிர்கள் எவ்வளவு ஆக்ஸிஜனை இழுக்கின்றன என்று பார்க்கிற சோதனை அது. உலகில் பெரும்பாலும் 20 டிகிரியில் ஐந்து நாள். பிரிட்டனில் எந்த ஆற்று நீரும் ஐந்து நாளுக்குள் கடலைச் சேர்ந்துவிடும் என்ற கணக்கில் அங்கிருந்த அரசு ஆணையம் ஒன்று அப்படி முடிவு செய்ததாகச் சொல்வார்கள். இந்தியாவில் 27 டிகிரி, மூன்று நாள். வியாழனன்று வைத்தால் ஞாயிற்றுக்கிழமை வந்து ரீடிங் எடுக்க வேண்டும். ஆகவே தமிழ்நாட்டு ஆறுகள் வியாழக்கிழமைகளில் எவ்வளவு மாசுபட்டாலும் கண்டுகொள்ள ஆள் கிடையாது. மே மாத வேலூரில் 27 டிகிரி இயற்கையில் கிடைக்காது; இன்குபேட்டர் குளிரூட்டித்தான் கொடுக்க வேண்டும். சாக்கடைக் கிருமிகள் உள்ளே ஏ.சி.யில் இருக்க, அக்கா வெளியே வேர்த்து வழிந்தபடி ரெக்கார்டு நோட்டு எழுதுவார்.

பாலாற்றுப் படுகைக்கு சாம்பிள் எடுக்கப் போகிற நாள்தான் திருவிழா. தெர்மோகோல் பெட்டி நிறைய ஐஸ், இரண்டு லிட்டர் கேன்கள், அமிலச் சீசா. கண்டக்டர் பெட்டியைப் பார்த்ததும் நிற்பார்.

“பொட்டியில இன்னாம்மா, மீனா? லக்கேஜ் எடு.”

“மீன் இல்லண்ணா, தண்ணி. பாலாத்துத் தண்ணி.”

“பாலாத்துல ஏதும்மா தண்ணி?”

கேள்வி நியாயமானது. வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் அங்கே மணல்தான். அதுவும் முன்பு போல இல்லை. அக்கா எடுத்து வருவது கரையோரக் கிணறுகளின் நீர். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் பதனிடும் ஆலைகள் அந்த நிலத்தடி நீரில் விட்ட கழிவு, உச்ச நீதிமன்றம் வரை போன கதை. வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும், முன்னெச்சரிக்கை வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று நீதிமன்றம் சொன்னது. ஒவ்வோர் ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. வைவாவில் இந்தக் கேள்வி வந்தால் அக்கா மூச்சு விடாமல் ஒப்பிப்பார். ஆனால் ஆலைக் கழிவிலிருந்து வந்த குரோமியம் இன்றைக்கு எந்தக் கிணற்றில் எவ்வளவு என்பதைத் தீர்ப்பைப் புரட்டித் தெரிந்துகொள்ள முடியாது. அதற்கு யாராவது லக்கேஜ் டிக்கெட் எடுத்தாக வேண்டும்.

குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். அந்தத் துளியூண்டைத் தேடி வெயிலில் அலைந்துவிட்டு அக்கா லேபுக்கு வருவார். வந்ததும் சி.ஓ.டி. சோதனை; பி.ஓ.டி.யில் நுண்ணுயிர்கள் செய்கிற வேலையை இங்கே ரசாயனம் செய்யும். கழிவு நீரில் பொட்டாசியம் டைகுரோமேட், அடர் கந்தக அமிலம், வெள்ளி உப்பு, பாதரச உப்பு எல்லாம் சேர்த்து 150 டிகிரியில் இரண்டு மணி நேரம் கொதிக்கவிட வேண்டும். பழைய முறைப்படி ஒரு குடுவைக்குள் போகிற குரோமியம் மட்டும் சுமார் 40 மில்லிகிராம். எண்ணூறு லிட்டர் நல்ல தண்ணீரை வரம்புக்குக் கொண்டுவர அது போதும். தண்ணீர் கெட்டிருக்கிறதா என்று கண்டுபிடிக்க, தண்ணீரைக் கெடுப்பதற்கு வேண்டிய எல்லாவற்றையும் ஒரே குடுவையில் ஊற்றுகிற சோதனை இது! மிச்சத்தைத் தொட்டியில் கொட்டக் கூடாது. கேனில் சேர்த்துவைக்க வேண்டும். யார் வந்து எடுப்பார்கள் என்பது தீராத கேள்வி. மேசைக்கு அடியில் அந்த ஆரஞ்சுப் பச்சைக் கேன், சீனியர்கள் விட்டுப்போன சொத்தாக, ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் கனம் கூடி நிற்கும். அக்கா அதைப் பற்றி மட்டும் கட்டுரை எழுதுவதில்லை.

இப்படி இரண்டு வருஷம் பழகிய பெண்ணின் வாயிலிருந்து ‘இல்லை’ என்ற சொல் வராது. “கண்டறியும் வரம்புக்குக் கீழே” என்றுதான் வரும். கருவிக்குத் தெரியவில்லை என்பதால் தண்ணீரில் இல்லை என்று ஆகிவிடுமா? நூறு லாரித் தண்ணீரில், லாரிக்கு 10,000 லிட்டர், ஒரு கிராம் விஷத்தைக் கரைத்தால் அது ஒரு பி.பி.பி. அதையும் பிடித்துக் காட்டுகிற எந்திரங்கள் உண்டு என்று விருந்துச் சாப்பாட்டில் ரசம் ஊற்றும்போது விளக்குவார். பக்கத்து இலைக்காரர் மோருக்குத் தாவிவிடுவார். அம்மா “கையில காசு இருக்கா?” என்று கேட்டால் அதற்கும் வரம்புக்குக் கீழேதான்.

ஒரு தடவை வீட்டுக்கு ஆர்.ஓ. விற்க ஒருவர் வந்தார். கரைந்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரைக் குழாய்த் தண்ணீரில் முக்கினார். “பாருங்க மேடம், 780!” என்றார். பிறகு நான்கு கம்பி வைத்த ஒரு கருவியை இரண்டு டம்ளர்களில் இறக்கி ஸ்விட்ச் போட்டார். குழாய்த் தண்ணீர் சேறாகப் பழுத்தது, ஆர்.ஓ. தண்ணீர் அப்படியே இருந்தது. அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். அக்கா எழுந்து அடுக்களைக்குப் போய் ஒரு சிட்டிகை உப்பு எடுத்துவந்து ஆர்.ஓ. டம்ளரில் போட்டார்.

“இப்ப போடுங்கண்ணா.”

அதுவும் சேறானது. உப்பிருந்தால்தான் மின்சாரம் பாயும், பாய்ந்தால் கம்பியில் உள்ள இரும்புதான் கரைந்து துருவாகிறது, தண்ணீரில் இருந்து எதுவும் வெளியே வரவில்லை என்று பாடம் நடந்தது. அந்த மீட்டரும் உப்பை நிறுப்பதில்லை, தண்ணீர் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்று பார்த்து ஒரு எண்ணால் பெருக்கிச் சொல்கிறது, ஆர்சனிக் இருந்தாலும் அதற்குத் தெரியாது என்று பாடம் நீண்டது. விற்பனையாளர் பெட்டியைக் கட்டினார். அக்கா விடுதிக்குத் திரும்பிய மறுவாரம் அம்மா அவரையே கூப்பிட்டு மாட்டிக்கொண்டார். ஸ்டீல் குடமும் இலவசமாக வந்தது.

ஆனால் அக்காவை உண்மையிலேயே மடக்கியவர் ஆற்றங்கரைக் கிராமத்துப் பாட்டி ஒருவர். சாம்பிள் எடுத்துப்போன கிணற்றின் ரிப்போர்ட்டோடு போய் நின்றார் அக்கா. பாட்டி காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“குடிக்கலாமா, கூடாதா? அதச் சொல்லு.”

“டி.டி.எஸ். 1,640 இருக்கு பாட்டி. 500 தாண்டக் கூடாது. ஆனா வேற தண்ணி கிடைக்காத இடத்துல 2,000 வரைக்கும் பரவால்லன்னு அரசாங்கக் கணக்கு.”

“வேற தண்ணி இல்லாமத்தானே இத்தக் குடிக்கிறோம்?”

“ஆமா பாட்டி.”

“அப்ப எங்களுக்கு 2,000, உங்க ஊருக்கு 500. அப்டித்தானே?”

அக்கா நோட்டைப் புரட்டினார். இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500இல் இரண்டு பத்தியும் அப்படித்தான் அச்சாகியிருக்கின்றன. ஆமாம் என்று சொல்லவும் வரவில்லை. இல்லை என்பதோ பழக்கத்திலேயே இல்லை. பாட்டி மேலும் காத்திருக்காமல், “சரி, அத்த வுடு. எங்க தெருவுக்கு பைப்பு எப்பப் போடப்போறீங்க?” என்று கேட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரர்களையும் மனுவோடு வரச்சொல்லிக் குரல் கொடுத்தார்.