ஒளித்து வைக்கும் உபகாரி

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் மழை சற்று ஓய்ந்த சனிக்கிழமைகளில் இவரைப் பார்க்கலாம். மரமடர்ந்த பூங்காவில், விழுந்து கிடக்கும் டக்ளஸ் ஃபிர் மரத்துக்கு அடியில் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருப்பார். ஆள் அரவம் கேட்டால் சட்டென்று ஷூ லேஸைக் கட்டுவார். போட்டிருப்பதோ லேஸே இல்லாத ரப்பர் பூட்ஸ். பயப்பட வேண்டாம், ஜியோகேச் பெட்டி ஒளிக்க இடம் தேடுகிறார். ஒருவர் ஒளித்து வைக்கும் பெட்டியை மற்றவர்கள் ஜிபிஎஸ் துணையோடு தேடிக் கண்டுபிடிக்கும் விளையாட்டு இது.

இந்த விளையாட்டு பிறந்ததே அவர் மாநிலத்தில்தான். ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை அமெரிக்க அரசு 2000 மே மாதம் நீக்கியது. மறுநாளே டேவ் அல்மர் என்பவர் பீவர்கிரீக் அருகே ஒரு வாளியை ஒளித்து, அதன் அட்சரேகை தீர்க்கரேகையை இணையத்தில் அறிவித்தார். வாளிக்குள் ஒரு பீன்ஸ் டப்பாவும் இருந்தது. இன்றைய விதிப்படி தின்பண்டம் கூடாது. மோப்பம் பிடித்துப் பிராணிகள் வந்துவிடும். “மூலவரே வந்தாலும் இன்றைக்கு விண்ணப்பம் திரும்பிவிடும்” என்று நம்மவர் வருத்தப்படுவார். அந்த வருத்தத்தில் கொஞ்சம் திருப்தியும் உண்டு.

மரம் பார்ப்பதில் அவருக்குப் பெண் பார்க்கப் போன மாமியாரின் கண். இதில் பொந்து சின்னது, அதைச் சுற்றித் தொட்டால் அரிக்கும் பாய்சன் ஓக் செடி. ஒருவழியாக ஒன்று பிடித்துப்போனால், வேறொருவர் பெட்டி 150 மீட்டரில் இருந்து தொலைக்கும். இடைவெளி 161 மீட்டராவது வேண்டும். அந்தப் பதினோரு மீட்டர் துக்கத்தை எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார்.

அடுத்து, பூங்கா அலுவலகத்தில் அனுமதி. ஒரு பெட்டியை மறைத்து வைக்கலாமா என்று எந்தக் குரலில் கேட்டாலும் அது சந்தேகத்துக்குரிய கேள்விதானே? 2011-இல் இங்கிலாந்தின் வெதர்பியில் இப்படியொரு டப்பாவை வெடிகுண்டு என்று நினைத்துத் தகர்த்தே விட்டார்கள். ஆகவே இவருடையது உள்ளே இருப்பது தெரியும் டப்பா. மேலே கொட்டை எழுத்தில் பெயர்ச்சீட்டு.

உள்ளே கையெழுத்துப் போட ஒரு நோட்டு, பென்சில், பிள்ளைகளுக்குப் பொம்மைகள். ஒன்றை எடுத்தால் சமமதிப்பில் ஒன்றை வைக்க வேண்டும் என்பது மரபு. நாளடைவில் பொம்மைக் கார் போய் நெளிந்த கிளிப்பும் காலாவதியான கூப்பனும் மிஞ்சும். அதைப் பொறுத்துக்கொள்வார். கண்டெடுத்தவர் ‘டி.எஃப்.டி.சி.’ என்று நன்றியை நான்கே எழுத்தில் சுருக்கிப் பதிந்துவிட்டுப் போவதைத்தான் பொறுக்கமாட்டார். முள்ளில் சட்டை கிழிந்தது, கையெல்லாம் நத்தைப் பசை, பொந்தருகே நின்றும் கண்ணில் படவில்லை என்று யாராவது புலம்பி எழுதினால் அன்றைக்கு அவருக்குத் தீபாவளி.

அடுத்தடுத்து மூன்று பேர் ‘கிடைக்கவில்லை’ என்று பதிந்தபோது மாற்றுப் பெட்டியோடு ஓடினார். பழையது இருந்த இடத்திலேயே இருந்தது. வீட்டுக்கு வந்ததும் அதன் கடின அளவை இரண்டிலிருந்து மூன்றாக உயர்த்தினார், ஐந்துவரை போகலாம். மனைவியிடம் சேதி சொன்னார். எங்கே ஒளித்தீர்கள் என்று அந்த அம்மாள் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதில் அவருக்கு இன்னும் மனத்தாங்கல். கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்.