பழைய பென்ஸும் வாத நோயும்: கல்முனைக் கரையை முன்வைத்து ஓர் ஆய்வு

சித்த மருத்துவம் உடலின் நோய்களையெல்லாம் வாதம், பித்தம், கபம் என்ற மூன்றின் கணக்கில் வைத்துப் பேசும். 1976இல் அறிமுகமாகிப் பத்து ஆண்டுகள் வரை வெளிவந்த மெர்சிடிஸ் பென்ஸ் டபிள்யூ 123 வகைக் கார்களுக்கும் இக்கணக்கு அப்படியே பொருந்தும் என்பது இக்கட்டுரையின் துணிபு. மனித உடலுக்கு அது பொருந்துமா என்பது நம் ஆய்வெல்லைக்கு அப்பாற்பட்டது.

ஆய்வுக் களம், மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை கடலை ஒட்டி ஓடும் ஏ4 வீதியும் அதன் இருபக்க வளவுகளும். ஆய்வுப் பொருள், ஒரு 240டி: நான்கு சிலிண்டர், 2.4 லீற்றர், டீசல். அதன் வேகத்தைப் பற்றி நாகரிகம் தெரிந்தவர்கள் பேசுவதில்லை. ஆய்வாளர் அதன் சொந்தக்காரர். வாகனம் திருத்துவதில் எந்தப் பயிற்சியும் பெறாதவர். ஆகவே முன்முடிவுகள் அற்றவர்.

முதலில் வரலாறு. 2020 மார்ச்சில் இலங்கை அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனிப்பட்ட பாவனைக்கான கார்களுக்கு வழி மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட காலத்தில் முருங்கை மரத்தடியில் கோழி அடைகாத்த கார்களுக்கெல்லாம் பதவி உயர்வு கிடைத்தது. முன்பு "இந்தத் தகரத்த விக்கலியா?" என்று கேட்டவர்களே, "அந்தக் காலத்துச் சாமான், வித்துப்போடாதீங்க" என்று சொல்லத் தொடங்கினார்கள். காரில் எந்த மாற்றமும் இல்லை. கோழி மட்டும் இடம் மாறியது.

அடுத்தது காணிச் சட்டம். வேறு நாட்டு வாகன அறிஞர்கள் இதைக் கருத்தில் எடுப்பதே இல்லை. எங்கள் கரையோர வழக்கில் வீடும் வளவும் பெண்ணுக்குச் சீதனமாகப் போகும். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியேறுவார். கார் மாப்பிள்ளையுடையது, அது நிற்கும் நிலம் மனைவியுடையது. ஆகவே ஒயில் ஒழுக்கு என்பது இங்கே இயந்திரவியல் பிரச்சினை அல்ல, காணிப் பிரச்சினை. "மருமகன், இந்தப் பூக்கண்டுக்கு இனி ஒயில் ஊத்தத் தேவல்ல, போதும்" என்று மாமி மரியாதையாகச் சொன்னால், மறுநாள் சுபஹுக்குப் பின் காஸ்கட் மாற்றப்படும். எந்தக் கம்பனியின் பராமரிப்புக் கையேட்டிலும் இவ்வளவு துல்லியமான கால அட்டவணை கிடையாது.

இனி வாதம். சாதாரணக் காரில் மின்சாரம் செய்யும் சில வேலைகளை இந்தக் காரில் வெற்றிடம் செய்கிறது. எஞ்சினின் முன்புறத்தில் ஒரு பம்பு காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அந்த உறிஞ்சலை மெல்லிய பிளாஸ்டிக் குழாய்கள் கதவுகளுக்கும் டிக்கிக்கும் டீசல் ஊற்றும் வாயின் மூடிக்கும் கொண்டுபோகும். சாரதி தன் கதவைத் திறப்பால் பூட்டினால், மற்றவையெல்லாம் பெருமூச்சு விட்டபடி தாமாகப் பூட்டிக்கொள்ளும். எஞ்சினை அணைக்கத் திறப்பைத் திருப்பினால், அதே உறிஞ்சல் டீசல் பம்பில் உள்ள ஒரு சிறு டப்பாவை இழுக்கும், டீசல் தடைப்படும், எஞ்சின் அடங்கும். பிரேக்குக்குத் துணை நிற்பதும் இதே உறிஞ்சல்தான், ஆதலால் பிரேக் மிதி கல்லாகிவிட்டால் இக்கட்டுரையை மூடிவிட்டு நல்ல கராஜுக்குப் போகவும்.

கதவுக்குள்ளும் டிக்கிக்குள்ளும் இருக்கும் இறப்பர் சவ்வு நாற்பது வருடத்தில் வெடிக்கும். வெடித்தால் உறிஞ்சல் அங்கே கசியும். கசிந்தால் எஞ்சினை நிறுத்தப் பலம் மிஞ்சாது. டிக்கியில் துளை, முன்னால் நோய். வாதத்தின் இலக்கணமே அதுதான்: பிடிப்பது இடுப்பில், நோவது குதிக்காலில்.

இதன் சமூக விளைவுகள் பாரியவை. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு நேரமாகிப் பள்ளிவாசல் முன்னே காரை நிறுத்தி, திறப்பைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டபின்னும் எஞ்சின் டக டகவென்று ஓடிக்கொண்டிருந்தது. இதற்கு ஜேர்மனியர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: பொனட்டைத் திறந்து, ஸ்டொப் என்று எழுதிய சிறு லீவரைக் கையால் அமத்த வேண்டும். ஆனால் கல்முனையில் பொனட்டைத் திறப்பது எஞ்சினைப் பார்க்கும் செயல் அல்ல. அது பொதுக்கூட்டத்துக்கு விடுக்கும் அழைப்பு. ஒலிபெருக்கி தேவையில்லை.

ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்து, "பெட்டரி இறங்கியிருக்கும் தம்பி" என்றார். ஓடத் தொடங்கிய இந்த டீசல் எஞ்சினுக்கு பெட்டரியே வேண்டாம், கழற்றி வீட்டில் வைத்தாலும் ஓடும் என்று அவருக்கு விளக்குவது மரியாதை அல்ல. கடற்றொழிலாளி ஒருவர், "காத்துப் பிடிச்சிருக்கு மச்சான், என்ட போட் எஞ்சினுக்கும் இப்படித்தான்" என்றார். சொன்ன காரணம் சரி, கை காட்டிய குழாய்தான் பிழை. கராஜ் பாஸ் எதையும் தொடாமல் தீர்ப்பை வழங்கினார்: "காக்கா, இதக் கழட்டிப்போட்டு ஜப்பான் எஞ்சின் ஒண்டப் பூட்டுவம்." இம்மூன்றும் மூன்று சிந்தனைப் பள்ளிகள். மூன்றாவதற்கு நாடு முழுவதும் ஆதரவாளர்கள் இருக்கிறார்கள், அவர்களுடைய பென்ஸ்கள் ஓடவும் செய்கின்றன. ஆனால் அது வைத்தியம் அல்ல, தலையை மாற்றும் சத்திரசிகிச்சை என்பது இவ்வாய்வாளரின் கருத்து.

2022இல் இந்நோய் தேசிய முக்கியத்துவம் பெற்றது. அப்போது எரிபொருளுக்குக் கியூஆர் அட்டை வந்தது, வாரத்துக்கு இவ்வளவுதான் என்று அளவும் வந்தது. வரிசையில் மற்றவர்கள் எஞ்சினை அணைத்துவிட்டு, கார் நகரும்போது தள்ளிக்கொண்டு போனார்கள். இந்த 240டியோ, டீசலுக்காகக் காத்து நின்றபடியே டீசலைக் குடித்துக்கொண்டு நின்றது. ஒவ்வொரு முறையும் பொனட்டைத் திறந்து லீவரை அமத்தலாம்தான். திறந்தால் முழு வரிசையும் வந்து கருத்துச் சொல்லும். பின்னால் நிற்பவர்கள் முந்திவிடுவார்கள்.

பித்தத்துக்கு அதிக இடம் தேவையில்லை. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் றேடியேற்றர் கொதிக்கும், சொந்தக்காரரும் கொதிப்பார். இருவரும் ஆறியபின் மூடியைத் திறந்தால் கை தப்பும். கபம் என்பது ஒயில் ஒழுக்கு. அது மாமியின் அதிகாரத்துக்கு உட்பட்டது என்று முன்பே நிறுவப்பட்டுள்ளது.

வெளிக்காற்றையும் வாதத்தோடு சேர்த்தே பேச வேண்டும். உப்புக் காற்று ஜாக் வைக்கும் இடங்களையும் பெட்டரி வைக்கும் தட்டையும் முதலில் தின்னும். சாய்ந்தமருதுப் பக்கம் ஃபைபர் படகு ஒட்டுபவர்கள் அதே பிசினாலும் அதே பாயாலும் காரின் தரையையும் ஒட்டித் தருவார்கள். வேலை அழகாக இருக்கும். உள்ளே அகப்பட்ட ஈரம் மட்டும் வெளியே வர வழியின்றி, தன் தொழிலை நிம்மதியாகத் தொடரும். மேலே படகு, கீழே துரு. தகரம் வெட்டி வெல்ட் பண்ணுவதே சரி. ஆனால் வெல்டிங் பொறி பறக்கும் இடம் யாருடைய வளவு என்ற கேள்வி மறுபடியும் எழுகிறது.

மீண்டும் கசிவுக்கு. ஆய்வுமுறை எளிது: பூட்டுகளுக்குப் போகும் குழாயைப் பிரியும் இடத்தில் கழற்றி, வாயை அடைத்துவிட்டுத் திறப்பைத் திருப்ப வேண்டும். எஞ்சின் நின்றால் குற்றவாளி பூட்டுப் பக்கம். அடைப்பதற்கு மகளின் பேனாவின் பின்மூடி கச்சிதமாக இருந்தது. திறப்பைத் திருப்பியதும் எஞ்சின் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. அந்த அமைதியில் பக்கத்து வீட்டு ராத்தா, "என்ன, பழுதாப் போச்சா?" என்று வேலியால் எட்டிப் பார்த்தார். பிறகு குழாய்களை ஒவ்வொன்றாக வாயால் உறிஞ்சிப் பார்த்ததில், நாக்கில் ஒட்டிப் பிடிக்காதது டிக்கிக்குப் போகும் குழாய். சவ்வு பப்படம்போல் நொறுங்கிக் கையில் வந்தது.

சாமானுக்குக் கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளில் விசாரித்தாயிற்று. கழற்றிய பழசு ஒன்று உண்டு, இரவு பஸ்ஸில் போட்டுவிடலாம் என்றார்கள். பழசுக்குப் பழசு வேண்டாம் என்று ஷார்ஜாவில் வேலைசெய்யும் மச்சானுக்குப் படம் அனுப்பப்பட்டது. அவர் லீவில் வந்தபோது பெட்டிக்குள் கோடாலித் தைலத்துக்கும் டாங் டின்னுக்கும் நடுவில் அது வந்து சேர்ந்தது.

அன்று அஸருக்குப் பின் வழமையான கூட்டம் பொனட்டைச் சுற்றி நின்றது. டிக்கியில் பூட்டுகிற சாமானுக்குப் பொனட்டை ஏன் திறக்க வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. அதிபர் கண்ணாடியை உயர்த்திப் பெட்டியில் இருந்த இலக்கத்தை வாசித்தார். சாமான் புத்தம் புதியது, அசல், 123க்கு உரியது அல்ல; அதற்கு அடுத்து வந்த 124க்கு உரியது. திருப்பி அனுப்ப வழியில்லை. இவ்வளவு நல்ல சாமானை வீணாக்கக் கூடாது என்று சபை ஒருமனதாகத் தீர்மானித்ததால், அதற்குப் பொருத்தமான கார் ஒன்றைத் தேடும் பணி இரண்டாம் கட்ட ஆய்வாகத் தொடங்கியிருக்கிறது. மாமிக்கு இன்னும் அறிவிக்கப்படவில்லை.