விதி போட்டால் விலை ஏறுமா?

கேள்வி: தொழில்களுக்கு அரசாங்கம் கட்டுப்பாடு விதிப்பது நல்லதா, போட்டிக்கே விட்டுவிடுவது நல்லதா? (பால்மரத்தான், தஞ்சோங் டாவாய்)

பதில்: இரண்டையும் பட்டுத் தெரிந்துகொண்டவை உங்கள் கெடா ரப்பர் தோட்டங்கள்தாம்.

1922-இல் ரப்பர் விலை தரையில் கிடந்தது. அப்போது ஆண்ட பிரிட்டிஷ் அரசு 'ஸ்டீவன்சன் திட்டம்' போட்டது. மலாயாவும் இலங்கையும் அளவுக்கு மேல் ஏற்றுமதி செய்யக்கூடாது என்றது. விலை ஏறியது, தோட்டத் துரைமார் மீசையை முறுக்கினார்கள். ஆனால் டச்சுக்காரர் இதில் சேரவில்லை. அவர்கள் ஆட்சியில் இருந்த சுமத்ராவிலும் டச்சுப் போர்னியோவிலும் சிறு விவசாயிகள் கன்றுகளை நட்டுத் தள்ளினார்கள். விலையேற்றத்தால் துடித்த அமெரிக்க டயர் முதலாளி ஃபயர்ஸ்டோன் 1926-இல் லைபீரியாவில் பத்து லட்சம் ஏக்கருக்குக் குத்தகை பேசி முடித்தார். கார் முதலாளி ஃபோர்டு அமேசான் காட்டுக்குள் ஊரே கட்டினார். பழைய டயரிலிருந்து ரப்பரை மீட்கும் தொழிலும் கொழித்தது. புதுமை பிறந்தது உண்மைதான். பிரசவம்தான் எதிரி வீட்டில்! 1928 நவம்பரில் திட்டத்துக்கு மூடுவிழா.

1965-இல் மலேசியா வேறு மாதிரி விதி போட்டது. எவ்வளவு விற்கிறாய் என்று கேட்காமல், எவ்வளவு சுத்தம் என்று கேட்டது. ரப்பர் ஷீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கண்ணால் தரம் பார்த்த இடத்தில், அழுக்கையும் சாம்பலையும் ஆய்வுக்கூடம் அளந்து எஸ்.எம்.ஆர். (தரப்படுத்திய மலேசிய ரப்பர்) முத்திரை தந்தது. செயற்கை ரப்பரோடு மல்லுக்கட்ட அதுதான் கைகொடுத்தது. போட்டியாளரான இந்தோனேசியாவும் தாய்லாந்தும் பின்னால் அதே வழிக்கு வந்தன.

ஆகவே, தரத்துக்கு விதி போடும் அரசாங்கத்துக்கு என் ஓட்டு. அளவுக்கு விதி போடுகிறவர், அண்டை நாட்டான் அனுமதியையும் வாங்கிக்கொண்டு வரட்டும்!