செடிக்கு நிழல், கூரைக்கு வெயில்

இடுக்கி ஆனைக்கரையில் ஏலச்செடிக்கு நிழல்தான் உயிர். மொட்டை வெயில் பட்டால் இலை கருகிவிடும். அதனால்தான் மழைக்கு முன்னால் நிழல் மரங்களில் கிளை கழிக்கும்போது, எவ்வளவு விட வேண்டும் என்று தோட்டக்காரர் கீழே நின்று அண்ணாந்து கணக்குப் பார்ப்பார்.

இப்போது அதே தோட்டக்காரர் வீட்டுக் கூரையில் சோலார் பலகை ஏறியிருக்கிறது. அதற்கு நிழலே ஆகாது. வரிசையாகக் கோத்த பலகைகளில் ஒன்றின்மேல் பலாக்கிளை சாய்ந்தாலும் மற்றவையும் சுணங்கும், கூட்டுக்குடும்ப வழக்கம்.

2024இல் வந்த பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. கிளை கழிக்கும் அரிவாளுக்குக் கிடையாது.

கலிஃபோர்னியாவில் பக்கத்து வீட்டு மர நிழலைத் தடுக்க 1978இலேயே சட்டம் போட்டார்கள். ரெட்வுட் மரங்கள் பற்றிய ஒரு வழக்குக்குப் பிறகு, 2008இல், பலகைக்கு முன்பே நட்ட மரங்களுக்கு விலக்குக் கொடுத்தார்கள். மூத்தவருக்கு அங்கேயும் மரியாதை!

நம் தோட்டக்காரரோ செடிப்பக்கம் கிளையை விட்டு, கூரைப்பக்கம் கழித்து, ஏணியை இறக்கி வைத்தார். ஜூன் பிறந்தது. மேகம் கூரைமேல் வந்து உட்கார்ந்துவிட்டது.