ஒப்படைக்கு ஓர் அப்பா

எங்கள் காலத்தில் இலக்கியம் மரியாதை தெரிந்ததாக இருந்தது. புத்தகத்தை விட்டு வெளியே வராது. பாட்டைப் பாடமாக்குவோம், அருஞ்சொல்லுக்குப் பொருள் எழுதுவோம், வாத்தியார் சொன்ன நயத்தைக் கொப்பியில் ஏற்றி, சோதனையில் இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவோம். கோவலன் புகாரில் கெட்டான், மதுரையில் செத்தான். அதனால் யாழ்ப்பாணத்திலோ வெள்ளவத்தையிலோ எந்தத் தகப்பனுக்கும் ஒரு தொந்தரவும் வந்ததில்லை. என் அப்பாவும் சாய்மனைக் கதிரையில் கால்மேல் கால் போட்டுப் படுத்து, மானத்தோடு வாழ்ந்துவிட்டுப் போனார்.

இப்போதைய பிள்ளைகளுக்கு ஒப்படை என்று ஒன்று கொடுக்கிறார்கள். அதன் கடைசி வினா எப்போதும் ஒன்றுதான்: பாடத்தில் வரும் நிகழ்வொன்றை உமது அன்றாட வாழ்வின் அனுபவமொன்றோடு தொடர்புபடுத்தி எழுதுக. கல்வியும் அனுபவமும் ஒட்டியிருக்க வேண்டும் என்று அமெரிக்கத் தத்துவஞானி ஜோன் டூயி 1938இல் புத்தகமே எழுதியிருக்கிறார். நல்ல கொள்கைதான். ஆனால் சொந்தப் பிள்ளைகளுக்கு ஓர் ஒப்படை கொடுத்து, அவர்கள் தகப்பனைப் பற்றி எழுதியதை அந்த மனிதர் அதில் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் கொள்கை அங்கேயே நின்றுபோயிருக்கும்.

வெள்ளவத்தையில் நான்காம் மாடியில் வளரும் பிள்ளைக்கு அனுபவம் என்று என்ன இருக்கிறது, சொல்லுங்கள். வயல் இல்லை, கிணறு இல்லை, வேலிக்குமேல் எட்டிப் பார்த்துச் சண்டை பிடிக்க வேலியே இல்லை. இருப்பது ஒரு லிஃப்ற். பக்கத்துப் பிளாற்றின் ஜெனரேற்றர். காலி வீதியில் ஓடும் நூறாம் இலக்க பஸ். பல்கனி மூலையில் நின்று கழுத்தை வெளியே நீட்டினால் தெரியும் ஒரு சாண் கடல். இவ்வளவையும் முதலாம் தவணையிலேயே எழுதி முடித்துவிட்டார்கள். மிச்சம் வீட்டில் இருப்பவன் நான்.

இந்த நாட்டில் கல்வி இலவசம். 1945இல் கன்னங்கரா அதைத் தந்தார். 1980இலிருந்து பாடப்புத்தகமும் இலவசம். பிள்ளைகளின் தமிழ்ப் படிப்புக்கு நான் கட்டுவது மானம் ஒன்றுதான். அதைத் தவணை தவறாமல் கட்டி வருகிறேன்.

முதல் தவணை, மூத்தவளின் சிலப்பதிகாரம். கோவலன் சிலம்பை விற்றுப் பிழைக்கலாம் என்று மதுரைக்குப் போகும் இடத்தை வாசித்துவிட்டு, பேனையைக் கடித்தபடி கொஞ்ச நேரம் முகட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். 2022இல், காஸுக்கும் பெற்றோலுக்கும் நாடே வரிசையில் நின்ற காலத்தில், என் மனைவியின் சங்கிலி ஒன்று அடைவுக்குப் போனது. மகள் எழுதினாள்: ‘கோவலன் சிலம்பைக் கொண்டுபோனான், திரும்பி வரவில்லை. என் தந்தையார் சங்கிலியைக் கொண்டுபோனார். தந்தையார் திரும்பி வந்துவிட்டார், சங்கிலிதான் இன்னும் வரவில்லை.’ ரீச்சர் சிவப்புப் பேனையால் ‘மிகச் சிறந்த ஒப்பீடு’ என்று போட்டிருந்தார். நான் மனைவியிடம் முறையிட்டேன். “பிள்ளை உள்ளதைத்தானே எழுதியிருக்கு” என்றாள். மதுரையை எரித்த குரல் அதுவல்ல. எரிப்பதற்கு முந்திய குரல்.

இன்னொன்றையும் கவனித்தேன். கண்ணகியைத் தமிழர்கள் கண்ணகையம்மன் என்றும் சிங்களவர்கள் பத்தினித் தெய்யோ என்றும் இந்தத் தீவு முழுக்கக் கும்பிடுகிறார்கள். கோவலனுக்கு யாரும் கோவில் கட்டியதாக நான் கேள்விப்படவில்லை. எத்தனையோ விஷயங்களில் ஒத்துப்போகாத இரண்டு இனங்களுக்கும் கணவன்மாரைப் பற்றி ஒரே கருத்துத்தான் இருந்திருக்கிறது.

அடுத்தது புகழேந்தியின் நளவெண்பா. நளன் சூதாடி நாட்டைத் தோற்ற கதை. சந்தியில் லொத்தர் விற்பவர் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்கு நான் அறிமுகமானவன். அடி அந்தத் திசையில் இருந்துதான் வரும் என்று எண்ணி, பழைய சீட்டுகளை அகராதிக்குள் ஒளித்துவைத்தேன். அது வேறு பக்கத்தால் வந்தது. நளனைப் பிடிக்கக் காத்திருந்த கலி, அவன் காலைச் சரியாகக் கழுவாத ஒரு பொழுதில்தான் உள்ளே புகுந்தானாம். மகள் எழுதினாள்: ‘என் தந்தையார் வேலையால் வந்ததும் கால் கழுவப் போவார். தண்ணீர்ச் சத்தம் கேட்கும். கால் நனைந்திருக்காது.’ பத்துக்கு ஒன்பது. ஒரு புள்ளி எழுத்துப் பிழைக்குப் போயிற்று. பொருளில் பிழை இல்லையாம்.

கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் மச்சான் பிள்ளைகளை ஆங்கில மொழிமூலத்தில் விட்டவர். தமிழ் இலக்கியத்தின் கை அவ்வளவு தூரம் எட்டாது, மனிதன் தப்பிவிட்டார் என்று பொறாமைப்பட்டேன். ஒரு நாள் போன் எடுத்தார். குரலில் உயிர் இல்லை. பிள்ளைகள் ஜோர்ஜ் ஓர்வெலின் ‘அனிமல் ஃபாம்’ வாசிக்கிறார்களாம். அந்தப் பண்ணையில் வேலை செய்யாமல் ஆப்பிளும் பாலும் சாப்பிட்டுக்கொண்டு சட்டம் போடும் பன்றிகள் உண்டு. “வீட்டில ஒப்பிட ஆளைத் தேட அவைக்கு நேரமே எடுக்கேல்லை, அத்தான்” என்றார்.

இனி இளையவன். அவனுக்கு நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் ‘ஆடிப்பிறப்பு’. 1878இல் பிறந்து 1953 வரை வாழ்ந்த, எங்கள் ஊர்ப்பக்கம் தங்கத்தாத்தா என்று கொண்டாடுகிற மனிதர். யூலை 16இலோ 17இலோ ஆடி பிறக்கும். அன்றைக்குக் கூழும் கொழுக்கட்டையும். பாட்டில் வரும் பிள்ளைகள் பலாவிலையை மடித்து அதில்தான் கூழ் வாங்கிக் குடிக்கிறார்கள். கூழுக்கு வெள்ளவத்தையில் குறையில்லை. பனங்கட்டி, வறுத்த அரிசிமா, பயறு, தேங்காய் எல்லாம் காலி வீதியைக் கடக்காமலே வாங்கலாம். பலாவிலையை மட்டும் இன்னும் யாரும் பைக்கற்றில் அடைத்து விற்கவில்லை.

கோப்பையில் குடிக்கலாமே என்றேன். மானிப்பாயில் பிறந்த என் மாமி அகப்பையைக் கீழே வைத்தார். “கோப்பையில குடிச்சால் அது கஞ்சி. பிள்ளைக்கு அனுபவம் வேணுமெண்டெல்லோ ரீச்சர் கேட்டிருக்கிறா?” நான் அனுப்பப்பட்டேன்.

எங்கள் ஒழுங்கையின் கடைசியில், பிளாற்றாக மாறாமல் மிஞ்சிய ஒரே ஒரு பழைய வீடு இருக்கிறது. ஒரு சிங்கள அன்ரியின் வீடு. முற்றத்தில் பெரிய பலா. பலாவைத் தறிக்க இந்த நாட்டில் அனுமதி எடுக்கவேண்டும். மரம் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். படலையில் நின்று, எனக்குத் தெரிந்த சிங்களத்தில், “கொஸ் கொள டிக்கக்” என்றேன். அன்ரி கண்ணாடியைச் சரிசெய்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“எளுவாட்டத?”

ஆட்டுக்கா என்று கேட்கிறார். சோமசுந்தரப் புலவர், ஆடிப்பிறப்பு, தரம் ஆறு, ஒப்படையின் கடைசி வினா, மாமியின் அகப்பை — இவ்வளவையும் என் சிங்களத்தில் சொல்லி முடிப்பதற்குள் ஆவணி பிறந்துவிடும். “ஒவ், எளுவாட்ட” என்றேன்.

ஒரு கட்டுக் குழை கிடைத்தது. கூழ் நடந்தது, மாமி கண்கலங்கினார், மகன் சட்டையெல்லாம் ஊற்றிக்கொண்டான். அடுத்த நாள் விடிய இன்ரர்கொம் அடித்தது. கீழே செக்கியூரிட்டி: “சேர், உங்கட ஆட்டுக்குச் சாப்பாடு வந்திருக்கு.” அன்ரி தானே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். அதற்கு அடுத்த நாளும் வந்தது. ‘குட்டி போட்டுவிட்டதா’ என்று விசாரித்துவிட்டுப் போனாராம். நாய் வளர்க்கக்கூடாது என்ற விதி ஆட்டுக்கும் செல்லுமா என்று பிளாற்று நிர்வாகக் குழுவில் கேள்வி எழும்பியது. என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். இல்லாத ஆட்டை இல்லையென்று நிரூபிப்பது எவ்வளவு கஷ்டம் என்பது அனுபவித்தவனுக்குத்தான் தெரியும். மகனின் ஒப்படையில் இந்த வரி இருந்தது: ‘பாட்டில் பிள்ளைகளே பலாவிலை எடுத்தார்கள். எங்கள் வீட்டில் அப்பா ஆடாக மாறி எடுத்து வந்தார்.’

அதே புலவர் ‘கத்தரி வெருளி’ என்றும் ஒரு பாட்டுப் பாடியிருக்கிறார். கத்தரித் தோட்டத்தில் சம்பளமில்லாமல் காவல் நிற்கும் வெருளியைச் சேவகன் என்று புகழ்ந்து பாடுவது. வெள்ளவத்தையில் கத்தரித் தோட்டம் இல்லையே, இந்த முறை பிள்ளை என்ன செய்வான் என்று நான் நிம்மதியாக இருந்தேன். அப்படி நான் நிம்மதியாக இருந்த இடம் பல்கனி.

மாமி அங்கே மோர்மிளகாயும் வேப்பம்பூ வடகமும் காயவைப்பார். கடற்கரைக் காகம் சாதாரணக் காகமல்ல, ரெயிலுக்கே விலகாது. ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில், “இஞ்சருங்கோ, சும்மாதானே இருக்கிறியள், அதில ஒருக்கா நில்லுங்கோ” என்ற கட்டளை பிறக்கும். கையில் ஒட்டடைத் தடியோடு நிற்பேன். மகன் கொப்பியில் நடுக்கோடு கிழித்து, இரண்டு பக்கமும் எழுதியிருந்தான். வெருளிக்குச் சம்பளம் இல்லை; அப்பாவுக்கும் இல்லை. வெருளி கந்தல் சட்டை போட்டிருக்கும். அப்பா போட்டிருப்பது கந்தல் பெனியன். வெருளி அசையாது, அப்பா போன் பார்க்கும்போது அசையமாட்டார். வேறுபாடு யாது? வெருளிக்குக் காகம் பயப்படும்.

பத்துக்குப் பத்து.

நான் அந்தப் பாட்டைச் சின்ன வயதில் முழுதாகப் பாடமாக்கியவன். கலைவிழாவில் பாடிச் சோப்புப் பெட்டி பரிசும் எடுத்தவன். இத்தனை வருஷமும் அது வெருளியைப் பற்றிய பாட்டு என்றே நினைத்திருந்தேன். பல்கனியில் நின்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். ஒரு வரி தவறாமல் வந்தது. ஒவ்வொரு வரியும் எனக்குப் பொருந்தியது. மோர்மிளகாயில் உட்கார்ந்திருந்த காகம் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒன்றை எடுத்துக்கொண்டு போயிற்று.

போன மாதம் பெற்றோர் சந்திப்பு. தமிழ் ரீச்சரை நான் அதற்கு முன் கண்டதில்லை. பிள்ளைகளின் பெயரைச் சொன்னதும் எழுந்து நின்றார். “ஓ... நீங்கள்தானோ?” என்றார். வருஷம் முழுக்கத் தொடர்கதை வாசித்தவர் கதாநாயகனை நேரில் காணும் மகிழ்ச்சி அது. பக்கத்து ரீச்சரையும் கூப்பிட்டுக் காட்டினார். சங்கிலி மீட்டாச்சோ, ஆடு சுகமோ என்றெல்லாம் கேட்கவில்லை, பண்பானவர். ஆனால் பேசி முடிக்குமுன் இரண்டு தடவை குனிந்து என் காலைப் பார்த்தார்.

இந்தத் தவணை கம்பராமாயணம். இராமன், பரதன் என்று யாராவது உத்தமர் வருவார்கள், ஓரளவுக்கு எட்டிப் பிடிக்கலாம் என்று நம்பியிருந்தேன். யுத்த காண்டத்தில் கும்பகருணன் வதைப் படலமாம். இலங்கைக்காரன் வேறு. அவனை எழுப்ப எத்தனை பாடு என்பதைத்தான் மகள் மும்முரமாக வாசித்துக்கொண்டிருக்கிறாள்.

நான் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் படுப்பதை நிறுத்திவிட்டேன். சோறு, மீன்குழம்பு, முருங்கைக்காய்ப் பால்கறி எல்லாம் சாப்பிட்டபின்பும், கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து வீரகேசரி வாரவெளியீட்டை ராசிபலன் வரைக்கும் வாசிக்கிறேன். இமை கீழே வரும். விரலால் தூக்கிப் பிடிப்பேன். மகள் எதிரே கொப்பியும் பேனையுமாக உட்கார்ந்திருக்கிறாள். போன கிழமை பொறுமையிழந்து கேட்டேவிட்டாள்:

“அப்பா, ஒருக்காப் படுங்கோவன், பிளீஸ். நாளைக்கு ஒப்படை குடுக்கவேணும்.”