பத்து ரூபாய்ப் புதையலும் பர்மாத் தேக்கும்

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், சிவகங்கை.
பொருள்: ஆத்தங்குடி – பூங்கா உள்ளிட்ட பொது இடங்களில் மெட்டல் டிடெக்டர் கொண்டு தேடுவோர்க்கான ஒழுக்க விதிகள் – தெளிவுரை வேண்டுதல் – தொடர்பாக.
பார்வை: இந்தியப் புதையல் சட்டம், 1878.

பெருமதிப்பிற்குரிய அலுவலகத்திற்கு,

கோயில் வாசலிலும் மாநாட்டுப் பந்தலிலும் மனிதர்களைச் சோதிப்பதற்கே இங்கு பயன்பட்டுவரும் மெட்டல் டிடெக்டர், அதாவது உலோகம் எதிர்ப்பட்டால் ஒலியெழுப்பும் கருவி, இங்கிலாந்தில் மண்ணைச் சோதிக்கும் பொழுதுபோக்காக வளர்ந்து, தனக்கென ஒழுக்க விதிகளையும் வகுத்துக்கொண்டிருக்கிறது. நிலத்துக்கு உரியவரிடம் முன்அனுமதி பெறுதல், புல்லை வேர்மண்ணோடு பெயர்த்து மீண்டும் அதே இடத்தில் பதித்தல், அகப்படும் குப்பையை எடுத்துச் செல்லுதல் ஆகியவற்றை ஆத்தங்குடியிலும் நடைமுறைப்படுத்துவதில் தடையேதும் இல்லை. தோண்டியவரே குழியை மூட வேண்டும் என்ற விதி மட்டும், குழாய்க்காகவும் கேபிளுக்காகவும் சாலையைத் தோண்டும் துறைகளையும் கட்டுப்படுத்துமா என்று தெரிந்துவிட்டால், பொதுமக்கள் தம் நடத்தையை அதற்கேற்ப அமைத்துக்கொள்வர்.

மண்ணிலோ மண்ணோடு பொருத்தப்பட்ட ஒன்றிலோ மறைந்துகிடக்கும் மதிப்புள்ள எதுவும் புதையல் என்று வரையறுக்கும் 1878ஆம் ஆண்டுச் சட்டம், அதன் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினால் கண்டெடுத்தவர் ஆட்சியருக்கு எழுத்துமூலம் அறிவிக்க வேண்டும் என்றும், தவறினால் ஓராண்டு வரை சிறை உண்டு என்றும் எழுதிவைத்தது. ஆகவே பூங்காவில் ஒற்றைப் பத்து ரூபாய் நாணயத்தைக் கண்டெடுப்பவர் தப்பித்துக்கொள்கிறார். அருகிலேயே ஒரு ரூபாயும் கிடந்து தொலைத்தால், ஆட்சியர் அறிவிக்கை வெளியிட்டு, உரிமை கோருவோருக்காகக் குறைந்தது நான்கு மாதம் காத்திருந்து, எவரும் வராதபோது கண்டெடுத்தவருக்கு நான்கில் மூன்று பங்கும் நிலத்துக்கு உரியவருக்கு எஞ்சிய பங்கும் பிரித்தளிக்க வேண்டியதாகிறது. அக்கணக்குப்படி முன்னவருக்கு 8 ரூபாய் 25 காசும், நிலத்துக்கு உரிய ஊராட்சிக்கு 2 ரூபாய் 75 காசும் சேர வேண்டும். 25 காசு நாணயமோ 2011ஆம் ஆண்டு ஜூன் மாதத்தோடு செல்லாததாகிவிட்டது. தமிழகக் கடைகள் பல அந்தப் பத்து ரூபாய் நாணயத்தையே வாங்க மறுத்து, அது செல்லும் என்று ரிசர்வ் வங்கி விளக்கம் தர நேர்ந்ததையும் கருதினால், புதையலின் மதிப்பைக் கருவூலத்தில் கேட்பதா, டீக்கடையில் கேட்பதா என்பதும் தீர்க்கப்பட வேண்டிய ஐயமே.

இவ்வையங்கள் அகழாய்வை இழிவுபடுத்துவன அல்ல. இதே மாவட்டத்தின் கீழடியில் இந்தியத் தொல்லியல் துறை 2014இல் தொடங்கி, பின்னர் மாநிலத் தொல்லியல் துறை தொடர்ந்த பணி காட்டியபடி, ஒரு பொருளின் காலத்தைச் சொல்வது அது கிடந்த மண்ணடுக்கே, அதாவது காலந்தோறும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த மண்ணின் வரிசையே. கருவி கத்திய இடத்தில் கடப்பாரையை இறக்குபவர் நாணயத்தைப் பெற்று வரலாற்றை இழக்கிறார். எழுத்துப் பொறித்த பானையோட்டின் மேல் எவ்வளவு நேரம் பிடித்தாலும் அக்கருவி வாய் திறக்காது என்பதும் நினைவில் இருக்க வேண்டும்.

அது தேக்கு மரத்துக்கும் வாய் திறப்பதில்லை. ஆத்தங்குடியின் துன்பம் அங்கேதான் இருக்கிறது. கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணக் கலவையை அச்சில் ஊற்றி, மணலும் சிமென்ட்டும் இட்டு, நீரில் ஊறவைத்து எடுக்கும் ஆத்தங்குடிக் கற்கள் பதித்த செட்டிநாட்டு வீடுகள், பங்காளிகள் பல ஊர்களுக்குப் பிரிந்துபோனமையாலும், பராமரிக்கும் செலவு தாங்காமையாலும் இடிக்கப்படும்போது, பர்மாத் தேக்குத் தூணும் நிலைக்கதவும் பட்டப்பகலில் லாரி ஏறிக் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்குச் செல்கின்றன. நூறாண்டு பழமையான, கட்டடத்திலிருந்து பெயர்க்கப்பட்ட பொருளும் தொல்பொருளே என்று 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் கூறுகிறது. கதவு வீட்டோடு நிற்கும்வரை அதற்கு அந்தத் தகுதி இல்லை, வீடு போன பிறகு வந்துவிடுகிறது. மண்ணுக்குள் கிடைத்தவற்றை வைப்பதற்காகக் கீழடியில் 2023இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தைச் செட்டிநாட்டு வீட்டுப் பாணியில் புதிதாகக் கட்டிய அரசின் அழகுணர்ச்சி போற்றத்தக்கது. அப்பாணியின் அசல்கள் லாரிக்காகக் காத்திருக்கும் செய்தி மட்டும் இன்னும் உரிய அலுவலகத்தை எட்டவில்லை போலும்.

எனவே கோரப்படுவது ஒன்றே. புதையலை அதன் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்து அரசுக்காக வாங்கிக்கொள்ள 1878ஆம் ஆண்டுச் சட்டம் ஆட்சியருக்கு அதிகாரம் அளித்திருப்பதால், வீட்டுக்காரர்கள் தம் நிலைக்கதவுகளையும் தூண்களையும் தாமே பொதுப் பூங்காவில் புதைத்துவிட்டு, ஒழுக்க விதிப்படி புல்லையும் பதித்துவிட்டு, மறுவாரம் கண்டெடுத்ததாக எழுத்துமூலம் அறிவிக்கலாமா என்பதையும், தேக்குக்குக் கருவி ஒலிக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு கதவிலும் எத்தனை இரும்பு ஆணி அடிக்கப்பட வேண்டும் என்பதையும், அடுத்த வீடு இடிபடுவதற்குள் தெரிவிக்குமாறு பணிவுடன் வேண்டப்படுகிறது.

இப்படிக்கு,
ஆத்தங்குடியில் இன்னும் புதைக்கப்படாதவை