வியாழக்கிழமைக்கு ஒரு கார்

மெக்சிகோ நகரின் புகைமூட்டத்தைக் குறைப்பதற்காக 1989 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ‘ஓய் நோ சிர்குலா’, அதாவது ‘இன்று ஓடாது’ என்னும் திட்டம், பதிவெண்ணின் கடைசி இலக்கத்தைக் கொண்டு ஒவ்வொரு காருக்கும் வாரத்தில் ஒரு வேலைநாளைக் கட்டாய ஓய்வாக விதித்தது. 1, 2 ஆகிய இலக்கங்களில் முடியும் கார்களுக்கு வியாழக்கிழமை வாய்த்தது. அன்று உரிமையாளர் மெட்ரோ ரயிலிலோ பேருந்திலோ ஏறிக்கொள்வார் என்பது அதிகாரிகளின் கணக்கு. அந்நியரின் முழங்கை இடிபட நின்று பயணம் செய்வதைவிட இன்னொரு கார் வாங்குவதே மேல் என்று கார் வைத்திருப்பவர் நினைக்கக்கூடும் என்னும் சிறு செய்தி மட்டும் அக்கணக்கில் விடுபட்டுப்போயிற்று.

எனவே வசதியுள்ள வீடுகள் வேறு இலக்கத்தில் முடியும் இரண்டாவது வண்டியைத் தேடின. ஒரு நாள் தேவைக்குப் புதுக்கார் ஊதாரித்தனம் என்பதால் பலருக்கும் அது பழைய வண்டியாகவும், ஆகவே (சட்டத்தை மதிப்பதற்கும் ஒரு விலை உண்டல்லவா) கூடுதலாகப் புகை கக்குவதாகவும் அமைந்ததோடு, காசு கொடுத்து வாங்கியதை மற்ற நாள்களில் வாசலில் சும்மா நிறுத்திவைக்க எவருக்கும் மனம் வராததால் அன்றாடம் சாலைக்கும் வந்தது. காற்றுத்தர அளவீடுகளை ஆராய்ந்த பொருளியலாளர் லூகாஸ் டேவிஸ், காற்று தூய்மையானதற்குச் சான்றில்லை என்றும், மெட்ரோப் பயணிகள் பெருகவில்லை என்றும், வாகனங்களே பெருகின என்றும் 2008இல் எழுதினார். அதே ஆண்டில் நகர நிர்வாகம் இத்தடையைச் சனிக்கிழமைக்கும் நீட்டித்தது.